முகோனோ மனையில் மிச்சமிருக்கும் இரண்டு மரங்கள்: நம் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த தீர்மானத்தைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அரங்கம் கட்டுவதற்காக உகாண்டாவில், கம்பாலாவுக்கு அருகே உள்ள முகோனோவில் நாம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்திருக்கும் மனையின் முகப்பில் நிற்கும் மூன்று கிஃபபகாஸி (ஆப்பிரிக்கன் துலிப்) மரங்களையும் அகற்றிவிட்டு, கார் நிறுத்த பேவர் பிளாக் பதித்து, ஓரமாக நெட்டிலிங்கம் வரிசை வைப்பதென்று முடிவெடுத்திருக்கிறீர்கள். பொதுக்குழுவில் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அறிவிப்பு வந்த கையோடு பவர் சா ஆட்கள் வந்து சாலையோர மரத்தைச் சாய்த்துவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது துண்டம் போட்ட கட்டைகள் பாதையோரம் கிடந்தன. மென்மரம் என்பதால் விறகுக்குக்கூட யாரும் விலை கேட்கவில்லை. யாருக்கும் பயன்படாமல் ஒரு மரம் போய்விட்டது.

மீதி இரண்டு மரங்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றைக் காப்பாற்றத்தான் இந்த மடல்.

இதைத் தனிக் கடிதமாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. செயலாளர் அண்ணனிடம் முதலில் நேரில்தான் பேசினேன். "உலகத்தின் மோசமான நூறு செடிகள் பட்டியலில் இருக்கிற மரம் தம்பி இது. நாம் வெட்டுவது இந்த நாட்டுக்கே நல்லது" என்று சொல்லி முடித்துவிட்டார். அந்தப் பட்டியலின் படம் குழுவிலும் சுற்றியது. அதன் கீழே கைதட்டும் படங்கள் வரிசையாக விழுந்தன. பிள்ளைகள்கூட "விஷ மரம்" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். பொதுவில் சொல்லப்பட்ட காரணத்துக்குப் பொதுவில்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியல் பொய்யில்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம், ஐயுசிஎன் என்கிறோமே, அது 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட பட்டியல். இந்த மரத்தின் அறிவியல் பெயரான ஸ்பதோடியா கம்பானுலேட்டா அதில் இருப்பதும் நிஜம். ஆனால் அது எதைப் பற்றிய பட்டியல் என்று யாரும் படிக்கவில்லை. சொந்த மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டு வேறு நாடுகளுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கட்டுக்கடங்காமல் பெருகி, அங்குள்ள உயிர்களை நெருக்கித் தள்ளும் இனங்களின் பட்டியல் அது. செடிகள் மட்டும் உள்ள பட்டியலும் அல்ல, மோசமானது எது என்று தரவரிசை போட்ட பட்டியலும் அல்ல. அதே பட்டியலில் நம் ஊர் மைனா இருக்கிறது. இந்தியாவின் சிறு கீரி இருக்கிறது. சங்கப் புலவர்கள் பாடிய குருக்கத்திக் கொடி இருக்கிறது. ரீயூனியன் தீவின் காடுகளில் குருக்கத்தி ஏறி மரங்களை மூடுகிறது. ஆஸ்திரேலியாவில் மைனா உள்ளூர்ப் பறவைகளின் பொந்துகளைப் பிடித்துக்கொள்கிறது. அதற்காகத் தஞ்சாவூரில் மைனாவைக் கல்லால் அடிக்கலாம் என்று நம்மில் யாராவது சொல்வோமா?

வேம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் வேம்பு அரசால் அறிவிக்கப்பட்ட களை. கானாவின் அக்ரா சமவெளியில் அது தானாகப் பரவிக் கிடக்கிறது. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடற்கரைக் காடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டது. இதையெல்லாம் ஒரு ஆஸ்திரேலியர் படித்துவிட்டு நம் ஊருக்கு வந்து, மாரியம்மன் கோயில் வாசலில் நிற்கும் வேம்பைக் காட்டி, "இது களை, வெட்டிவிட்டு எங்கள் ஊர் யூகலிப்டஸ் வைக்கிறேன்" என்றால் ஊர் என்ன செய்யும்? முகோனோவில் நாம் செய்துகொண்டிருப்பது அதேதான்.

ஏனென்றால் கிஃபபகாஸி இந்த மண்ணின் மரம்.

நம்மில் பலர் இதை முதலில் பார்த்தது ஊட்டியிலோ, பெங்களூர்ச் சாலைகளிலோ, கண்டிப் பக்கத்திலோதான். ஆப்பிரிக்கன் துலிப் என்று சொல்லிப் பழகியிருக்கிறோம். ஊர்ப் பூங்காவில் பார்த்த மரம் என்பதால் இங்கேயும் யாரோ கொண்டுவந்து வைத்தது என்ற நினைப்பு ஒட்டிக்கொண்டுவிட்டது. நடந்தது நேர்மாறு. இதன் பிறப்பிடம் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை நாடுகளில் தொடங்கி, கேமரூன், காங்கோ வழியாக, தெற்கே அங்கோலா வரைக்கும், கிழக்கே நம் விக்டோரியா ஏரிக்கரையும் மேற்குக் கென்யாவும் வரைக்கும் விரிந்த பகுதி. கென்யாவில் நந்தி மலைப்பகுதியின் பெயரையே வைத்து நந்தி ஃப்ளேம் என்கிறார்கள். ஐரோப்பியர் இதை 1787இல் கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், பார்த்தார்கள். பாலிசோ தெ போவுவா என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1805இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். அதன்பிறகுதான் பூவின் அழகுக்காக உலகத்தின் வெப்ப நாடுகளுக்கெல்லாம் விதை போனது. ஃபிஜி, சமோவா, ஹவாய், போர்ட்டோ ரிக்கோ, குயின்ஸ்லாந்து, இலங்கையின் ஈரமான மலைச்சரிவுகள் என்று போன இடமெல்லாம் பரவியது.

அங்கே அது செய்த கேட்டை நான் மறைக்கவில்லை. ஃபிஜியில் விளைநிலங்களையும் மேய்ச்சல் நிலங்களையும் பிடித்துக்கொண்டது. பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் இதன் பூவுக்குள் கொடுக்கில்லாத தேனீக்கள் செத்துக் கிடப்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பிரேசிலின் சாந்தா கத்தரினா மாநிலம் 2019இல் இதை நடுவதையே தடை செய்தது. நியாயமான சட்டம். கண்டியில் என் நண்பர் ஒருவர் தன் தோட்டத்துச் சரிவில் இதன் கன்றுகளைப் பிடுங்கி எறிகிறார் என்றால் நானும் கூடக் குனிந்து பிடுங்குவேன்.

இதில் செயற்குழு கவனிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. குக் தீவுகளின் ரரோடோங்காவில் இந்த மரத்தைக் கட்டுப்படுத்த வழி தேடியவர்கள் கடைசியில் எங்கே வந்தார்கள் தெரியுமா? ஆப்பிரிக்காவுக்கு. கானாவில் இந்த மரத்தின் இலைகளில் முடிச்சுமுடிச்சாகப் புடைப்பு உண்டாக்கி வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி ஒன்றைக் கொண்டுபோய் 2017இல் ரரோடோங்காவில் விட்டார்கள். அதற்குப்பின் இலை தின்னும் வண்டு ஒன்றையும் கொண்டுபோனார்கள். பிறந்த மண்ணில் இந்த மரத்தைத் தின்னவும், அடக்கிவைக்கவும், அதனுள் குடியிருக்கவும் உயிர்கள் இருக்கின்றன. தீவுக்குப் போனபோது மரம் தனியாகப் போனது, அவை கூடப் போகவில்லை. தீவில் அது பேயாகப் பெருகியதற்கும் இங்கே காட்டோரத்தில் நாலோடு ஒன்றாக அடங்கி நிற்பதற்கும் ஒரு முக்கியக் காரணம் இது.

வேலை நிமித்தமாக ஜின்ஜா சாலையில் ஓயாமல் போய்வருகிறவன் நான். லுகாஸி தாண்டியதும் கரும்பு முடிந்து மபீரா காடு தொடங்கும். நஜெம்பேயில் வண்டி நின்றால் கோழிக் குச்சிகளும் சுட்ட கோன்ஜா வாழைப்பழமுமாக ஜன்னலை மொய்த்துக்கொள்வார்கள். நீங்கள் எல்லோருமே அங்கே சாப்பிட்டிருக்கிறீர்கள். அடுத்த முறை வண்டியை விட்டு இறங்கிக் காட்டு விளிம்பைப் பாருங்கள். நடுக்காட்டின் இருட்டில் கிஃபபகாஸி அதிகம் இருக்காது. பெரிய மரம் ஒன்று விழுந்து வானம் திறந்த இடத்திலும், ஓடைக்கரையிலும், கைவிட்ட காப்பித் தோட்டத்திலும்தான் அது முதலில் எழும்பும். அதற்கு வெளிச்சம் வேண்டும். படகு வடிவில் நிமிர்ந்து நிற்கும் காய் வெடித்தால் உள்ளே ஐந்நூறு விதை வரைக்கும் இருக்கும். ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய சிறகு. காற்றில் பறந்துபோய் வெறும் மண்ணில் விழுந்து சட்டென்று வளரும். அதன் நிழலில் மற்றக் காட்டு மரங்களின் கன்றுகள் மெதுவாகத் தலைதூக்கும். அழிந்த இடத்தில் காடு திரும்பி வருவதற்கு முதலில் வந்து நிற்கும் மரங்களில் இது ஒன்று. அந்தக் குணத்தையே தீவுகளில் குற்றமாகப் பார்க்கிறார்கள், அங்கே அது சரி. இங்கே அதுதான் அதன் வேலை.

இந்த நாட்டின் காடு எப்படிக் கரைந்தது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 1990இல் உகாண்டாவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 24 சதவீதம் காடு. 2015இல் அது 9 சதவீதம் என்று அரசுக் கணக்கே சொன்னது. கம்பாலாவிலிருந்து முகோனோ வரைக்கும் சாலையின் இருபுறமும் கட்டடங்களாகவே போகிறது. அந்த நீளத்தில் வீட்டு வேலியிலும் வாழைத் தோட்ட ஓரத்திலும் தப்பி நிற்கும் மண்ணின் மரங்கள்தான் பறவைகளுக்கு மிச்சம். மபீராவிலிருந்து நகரத்துக்குள் வரும் பறவை எங்கே இறங்கும்? நெட்டிலிங்கத்திலா?

நம் மனையில் நிற்கும் மரத்தையே கிட்டப் போய்ப் பார்ப்போம். மனையைப் பார்க்க வந்த அன்றெல்லாம் நீங்கள் வரைபடத்தைத்தான் பார்த்தீர்கள், நான் அதன் கீழே நின்றுகொண்டிருந்தேன். கிளை நுனியில் பழுப்பு நிறத்தில், கொம்பு வளைந்தாற்போல மொட்டுகள் கொத்தாக இருக்கும். தொட்டால் மெல்லிய தோல் தடவுவதுபோல் இருக்கும். நுனியைக் கிள்ளி அழுத்தினால் தண்ணீர் பீச்சியடிக்கும். பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளும் நம் வீட்டுப் பிள்ளைகளும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே சேர்ந்து விளையாடியது அந்த மொட்டுகளை வைத்துத்தான். கொத்தின் வெளிவட்டத்து மொட்டுகள் முதலில் மலரும், உள்ளிருப்பவை பிறகு. அதனால் ஒரே கொத்து நாள்கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். பூ மேல்நோக்கித் திறந்த கிண்ணம். செம்மஞ்சள் நிறம், ஓரத்தில் மட்டும் மெல்லிய மஞ்சள் சுருக்கு. மழை பெய்தால் கிண்ணத்தில் நீர் நிற்கும், தேனும் அதில்தான். மார்பு சிவந்த தேன்சிட்டு ஒன்று காலையில் வந்து பூவின் விளிம்பிலேயே உட்கார்ந்து தலையை உள்ளே விட்டுக் குடிக்கும். வெளியே எடுக்கும்போது நெற்றியெல்லாம் மகரந்தம். இருட்டிய பிறகு பழந்தின்னி வௌவால்கள் வரும். இலையைத் திருப்பி அடிப்புறத்தைத் தடவிப் பாருங்கள், வெல்வெட் போலச் சுணை இருக்கும். இந்த மரத்தில் மூன்று துணையினங்களைத் தாவரவியலாளர்கள் பிரிக்கிறார்கள். சுணை உள்ளது நைல் பக்கத்துக்குரிய துணையினம், நிலோட்டிகா. கானாவிலோ காங்கோவிலோ உள்ள அதன் உறவுகளுக்கும் இதற்கும் வேறுபாடு இருக்கிறது. விதை வாங்கி இன்னொன்று வைத்துக்கொள்ளலாம் என்று நம் பொருளாளர் சொன்னார். எந்த நர்சரியில் கேட்டு வாங்கப் போகிறார்?

வெட்டிய மரத்தின் காய்ந்த கிளையில் ஒரு பொந்து இருந்தது. மென்மரம் என்பதால் குக்குறுவான்களுக்கு இது வாகான மரம், அலகாலேயே குடைந்துவிடும். கருப்பு உடம்பும் சிவந்த மார்புமாகப் பெரிய அலகுள்ள இரட்டைப்பல் குக்குறுவான் சோடி ஒன்று அந்தப் பொந்துக்குள் போய்வருவதை நான் பார்த்திருக்கிறேன். காவலுக்கு இருக்கும் அஸ்காரியும் பார்த்திருக்கிறார். கிளை விழுந்தபோது உள்ளே குஞ்சு இருந்ததா என்று அவரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் கேட்டைத் திறக்கப் போய்விட்டார்.

பக்கத்து வாழைத் தோட்டத்து ஜாஜ்ஜாவை (வயதில் மூத்தவரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) உங்களில் சிலருக்குத் தெரியும், நம் பூமி பூஜை அன்று மட்டோக்கே வாழைக்குலை கொண்டுவந்து கொடுத்தவர். தோலில் ஏதாவது வந்தால் இந்த மரத்தின் பட்டையை விரலகலம் சீவி எடுத்துப்போய்க் கஷாயம் வைப்பது அவர் வழக்கம். மனை நம் கைக்கு வந்த பிறகும் அஸ்காரி அவரை உள்ளே விட்டுக்கொண்டுதான் இருந்தார். மரம் விழுந்த மறுநாள் என்னைக் கண்டதும், "நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே அது இங்கே இருக்கிறதே, உங்களுக்கு அது என்ன செய்தது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. என்னிடம் பதில் இல்லை. நம் அமைப்பின் சார்பில் அவருக்கு யார் பதில் சொல்வது என்பதைச் செயற்குழுதான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த நாட்டில் மரத்தை வெட்டுவதில் நமக்கு ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. 2007இல் மபீராவின் கால்வாசியை, 7,100 ஹெக்டேரை, கரும்பு போட இந்திய வம்சாவளியினரின் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுக்க அரசு முனைந்தது. ஏப்ரல் மாதம் கம்பாலாத் தெருவில் எதிர்ப்பு வெடித்தது. ஓர் இந்தியர் கல்லடி பட்டே செத்தார், உகாண்டாக்காரர்களும் உயிரிழந்தார்கள். நம் மூத்த உறுப்பினர்கள் பலர் அன்று கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தவர்கள். அந்தக் கொலையை யாராலும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு காட்டுக்காக இந்த மக்கள் தெருவுக்கு வந்தார்கள் என்பதையும், கடைசியில் காடு பிழைத்தது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது. மூன்று மரத்தையும் 7,100 ஹெக்டேரையும் நான் ஒன்றாக்கவில்லை. குத்தகைக்கு வந்த இடத்தில் அக்கம்பக்கத்தாரை ஒரு வார்த்தை கேட்காமல் ரம்பத்தைக் கொண்டுவந்தோமே, அந்தப் பழக்கத்தைச் சொல்கிறேன்.

உங்கள் பக்கத்து நியாயங்களில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். இந்த மரத்தின் கிளை பலமில்லாதது. பெருங்காற்றில் ஒடியும். பிள்ளைகள் நடமாடும் இடத்துக்கு மேலே காய்ந்த கிளை தொங்கினால் ஆபத்துதான். உதிர்ந்த பூ கான்கிரீட்டில் வழுக்கும் என்பதும் சரி. இவற்றுக்கு மரத்தையே எடுப்பதா வழி? காய்ந்த கிளைகளை ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் ஆள் வைத்துக் கழிக்கலாம். கிளை விரிவுக்குக் கீழே கார் நிறுத்தாமல் நாலடி தள்ளி நிறுத்தலாம். பொறியாளர் கொடுத்த வரைபடத்தை நானும் பார்த்தேன். இரண்டு மரத்தையும் விட்டுவைத்தால் குறைவது ஐந்து கார் இடம். ஐந்து காருக்குப் பின்பக்கம் புல் மண்டிக் கிடக்கும் மூலையில் தாராளமாக இடம் இருக்கிறது. அடிமரத்தைச் சுற்றி பேவர் போடாமல் மண்ணை விட்டால் பூ அங்கேயே விழுந்து மக்கும்.

"ஊர் மாதிரி இருக்கட்டும்" என்று நெட்டிலிங்கம் கேட்ட அக்காக்களுக்கும் ஒரு சொல். ஊர் ஏக்கம் எனக்கும் உண்டு. அரங்கத்துக்குள் கோலம் இருக்கட்டும், குத்துவிளக்கு இருக்கட்டும், பின்பக்கம் ஒரு முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்துக்கொள்வோம், சமையலுக்கு ஆகும். வாசலில் நிற்க வேண்டியது இந்த ஊர் மரம். நம் பிள்ளைகளுக்கு இதுதான் பிறந்த ஊர்.

ஆண்டுதோறும் பதாகை கட்டி நாம் நடத்தும் மரம் நடுவிழாவையும் இங்கே பேசியாக வேண்டும். போன முறை பள்ளிகளுக்கு நாம் கொடுத்தவை யூகலிப்டஸும் சில்வர் ஓக்கும். இரண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. சீக்கிரம் வளரும், போட்டோவுக்கு நிற்கும். ஒரு கையால் மண்ணின் மரத்தை வெட்டிவிட்டு மறு கையால் அந்நிய மரத்தைக் கொடுத்து, இரண்டுக்கும் சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்த நாட்டில் மரத்துக்கா பஞ்சம்? ம்வூலே இருக்கிறது, முகாவு இருக்கிறது, பழம் தரும் முவாஃபு இருக்கிறது, மரவுரித் துணிக்கு உரிக்கும் முடூபா இருக்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் லுசாம்பியா, கிஃபபகாஸியின் குடும்பம்தான், முற்றத்துக்கு ஏற்ற அளவில் வளரும். வேகமாக வளர வேண்டும் என்றால் முசிஸி இருக்கிறது. பக்கத்து நாடான தான்சானியாவின் கிழக்கு உசம்பாரா மலையில் நட்ட முசிஸி அங்குள்ள காட்டுக்குள் புகுந்து பெரிய தொல்லையாகிவிட்டது. இங்கே அது காட்டின் சொந்தப் பிள்ளை. ஒவ்வொரு மரத்துக்கும் எந்த ஊர் என்று கேட்டுவிட்டுத்தான் நட வேண்டும், வெட்டவும் வேண்டும்.

இனி நான் கேட்பவை. மரம் வெட்டும் தீர்மானத்தைச் செயற்குழு இன்றே நிறுத்திவைக்க வேண்டும். பவர் சா ஆட்களுக்குக் கொடுத்த முன்பணம் போனால் போகட்டும், அதை என் சந்தாவோடு சேர்த்து நானே கட்டிவிடுகிறேன். பொதுக்குழுவைக் கூட்டி, அரங்க வரைபடத்தை எல்லோர் முன்னும் விரித்து, இரண்டு மரமும் நிற்கும்படி கார் நிறுத்தும் இடத்தை மாற்றி வரையச் சொல்லுங்கள். அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பகுதியின் எல்சி ஒன் (உள்ளூர் மன்றம்) சேர்மனையும் பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட வேண்டும். ஜாஜ்ஜாவைத் தலைவரே நேரில் போய் அழைக்க வேண்டும். பட்டைக்கும் பூவுக்கும் அவர் எப்போதும்போல உள்ளே வரலாம் என்பதை அஸ்காரிக்கு எழுத்தில் கொடுங்கள்.

வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க ஜேசிபி சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன், அதை ரத்து செய்யுங்கள். கிஃபபகாஸி அடியிலிருந்து துளிர்க்கும் மரம், கொம்பை வெட்டி வேலியில் நட்டாலே வேர்பிடிக்கும். கட்டையைச் சுற்றி மூங்கில் தட்டி அடித்து ஆடு மேயாமல் விட்டால் போதும். பாதையோரம் கிடக்கும் கிளைகளில் பச்சை இருப்பவற்றை இந்த மழைக்குள் வேலியோரம் ஊன்றிவிடலாம். ஆள் கூலி என் பொறுப்பு.

நிற்கும் மரங்களின் காய்ந்த கிளைகளை மட்டும் கழிப்பதற்கு மரம் அறிந்த ஒருவரை அமர்த்துங்கள். எது ஆபத்து, எது பொந்து என்று பார்த்துச் சொல்ல மகெரேரே பல்கலைக்கழகத் தாவரவியல் துறையிலோ எண்டெபே தாவரவியல் பூங்காவிலோ கேட்டால் வழிகாட்டுவார்கள். கழிப்பதைக் குஞ்சு பொரிக்கும் காலம் கழித்துச் செய்ய வேண்டும்.

அடுத்த மரம் நடுவிழாவிலிருந்து இந்த நாட்டு மரக்கன்றுகள் மட்டுமே கொடுப்பது என்று தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். கன்று வாங்கும் பொறுப்பை என்னிடமும் இளைஞர் அணியிடமும் கொடுங்கள், விலைப்பட்டியலோடு வருகிறோம். குழுவில் சுற்றிய அந்தப் பட்டியல் படத்துக்குக் கீழே, இந்த மரம் உகாண்டாவுக்குச் சொந்தமானது, இங்கே அது ஆக்கிரமிப்புச் செடி அல்ல என்ற திருத்தத்தைச் செயலாளர் அண்ணனே தம் பெயரில் போட வேண்டும். பிள்ளைகள் அவர் சொன்னால்தான் நம்புவார்கள்.

பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன், வரும் சனிக்கிழமைக்குள். அதுவரை மனையின் கேட்டுக்குள் ரம்பம் எதுவும் நுழையாது என்ற உறுதியை இன்று மாலைக்குள் குழுவில் போடுங்கள்.

இப்படிக்கு,
முகோனோ சாலையில் குடியிருக்கும் உங்கள் ஆயுள் உறுப்பினர்